கழுத்துக் கட்டியும் ஒரு மயிரிழையும்

சுவா தோட்டத் தாய்மார்களே, தோழர்களே! “கழுத்துல கட்டிதானே, வலிக்கலையே, கெடக்கட்டும்” என்று இருந்துவிடாதீர்கள். கண்ணாடி முன் நின்று ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்குங்கள். கட்டியும் கூடவே ஏறி இறங்கினால் அது பெரும்பாலும் தைராய்டு சுரப்பியில் வந்தது.

அந்தச் சுரப்பி முழுக்கச் சின்னஞ்சிறு பைகள். பையின் சுவரிலுள்ள செல்களிலிருந்து, கண்ணுக்கே தெரியாத மயிரிழை ஒன்று உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். ரேடியோ ஏரியல் மாதிரி அது செய்தி வாங்குகிறது. தென் கொரிய விஞ்ஞானிகள் எலிகளின் தைராய்டில் அந்த இழை இல்லாமல் செய்து பார்த்து 2019-இல் எழுதினார்கள்: பைகள் உருக்குலைந்தன, சில எலிகளுக்குப் புற்றுநோயும் கண்டது. எலிக்கு வந்தது நமக்கும் வரும் என்று அர்த்தமில்லை. பெரும்பாலான கட்டிகள் புற்றுநோயே அல்ல.

அயோடின் குறைந்தாலும் கழலை வரும். அதனால்தான் 2020 முதல் 20 கிலோ வரையுள்ள உப்புப் பாக்கெட்டில் அயோடின் கட்டாயம். ஆனால் வந்த கட்டியை உப்பு கரைக்காது. குரல் கம்மினாலோ, கட்டி வேகமாக வளர்ந்தாலோ, விழுங்கச் சிரமமானாலோ உடனே போர்ட்டிக்சன் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒரு நாள் பேர் போய்விடுமே என்கிறீர்களா? டாக்டர் எம்.சி. கொடுத்தால், 1955 வேலைச் சட்டப்படி அது சம்பளத்தோடு விடுப்பு. 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்திடம் சொல்லிவிடுங்கள்.