எண்களைப் படமாக்கலும் பகிர்தலும்: அங்கத்தினர்க்கு ஒரு பாடம்

கணக்கு வைக்கும் கலையைச் செட்டிநாட்டார்க்கு யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டுவதில்லை. பேரேட்டில் பற்றும் வரவும் எழுதி, ஆண்டு முடிவில் ஐந்தொகை எடுத்துப் பார்க்கும் வழக்கம் இவ்வூர்களில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருவது. ஆயினும் பேரேடு பெட்டிக்குள் இருப்பது. அதைத் திறப்பவர் உரியவர் மட்டுமே. இம்மாதம் நாம் எடுத்துக்கொண்ட விஷயமோ இதற்கு நேர்மாறான கணக்கு. எவரும் திறந்து பார்க்கலாம், பிரதி எடுக்கலாம், படமாக வரைந்து பிறர்க்குக் காட்டலாம் என்று பொதுவில் வைக்கப்பட்ட எண்களைப் பற்றியது. அவற்றைத் திறந்த தரவு என்கின்றனர்.

இத்தகைய எண்களால் என்ன பயன் என்பதற்கு நமது பழைய இராமநாதபுரம் ஜில்லாவிலேயே ஒரு சான்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராயிருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ல் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி, நிலம், கூலி, கடன், உணவு ஆகியவற்றை விசாரித்து எழுதச் செய்தார். அக்கிராமங்களுள் வடமலைபுரமும் ஒன்று. அது அன்று காரைக்குடியைப் போலவே இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்தது. அவ்வறிக்கைகள் 1918-ல் நூலாக வெளிவந்தன. எண்கள் அச்சில் கிடைத்தமையால், 1936-37-ல் தாமஸ், ராமகிருஷ்ணன் ஆகிய இருவரும் அதே கிராமங்களை மறுமுறை ஆராய்ந்து, இருபதாண்டுகளில் நேர்ந்த மாறுதல்களை அளந்து சொல்ல முடிந்தது. அதன் பின்னரும் பலர் அவ்வூர்களுக்குச் சென்றுள்ளனர். ஸ்லேட்டரின் தாள்கள் ஓர் அலமாரியில் பூட்டப்பட்டிருந்தால் இது கைகூடியிராது.

இந்திய அரசு 2012-ல் தரவுப் பகிர்வுக் கொள்கை ஒன்றை அறிவித்து, அவ்வாண்டிலேயே திறந்த அரசுத் தரவுத் தளத்தையும் தொடங்கியது. அதற்கும் முன்னதாக, 2000-ஆம் ஆண்டு முதலே, அக்மார்க்நெட் என்னும் ஏற்பாட்டின் வழியாக விற்பனைக்கூடங்களின் வரத்தும் விலையும் நாள்தோறும் வெளியிடப்படுகின்றன. நமது விவசாய அங்கத்தினர்க்கு முதலில் பயன்படுவது இதுவே. ஒரு பண்டத்துக்கு எதிரே மூன்று விலைகள் இருக்கும்: குறைந்த விலை, கூடிய விலை, பெருவாரி விலை. உதாரணமாக, குவிண்டால் மிளகாய் வற்றலுக்குக் குறைந்த விலை 9,000 ரூபாய், கூடிய விலை 16,000, பெருவாரி விலை 12,000 என்று வைத்துக்கொள்வோம். கூடிய விலை ஏதோ ஒரு நல்ல சிப்பத்துக்குக் கிடைத்ததாக இருக்கலாம். பெரும்பகுதிச் சரக்கு கைமாறிய விலை 12,000 தான். சங்கக் கிடங்கில் சரக்கை ஈடு வைத்துக் கடன் பெற்றுக் காத்திருப்பதா, உடனே விற்பதா என்று முடிவு செய்பவர் 16,000-ஐ நம்பிக் காத்திருந்தால், வட்டியும் சேதாரமும் அவர் தலையில்தான் விழும்.

எண்களை வரிசையாகப் படிப்பதைவிடப் படமாகப் பார்ப்பது எளிது. வில்லியம் பிளேஃபேர் என்பவர் 1786-லேயே நாடுகளின் ஏற்றுமதி இறக்குமதியைக் கோடுகளாக வரைந்து அச்சிட்டார். இன்று அந்த வேலையை இணையக் கருவிகள் சில நிமிஷங்களில் செய்துவிடுகின்றன. ஜெர்மனியில் உருவான டேட்டாராப்பர் போன்ற கருவியில் அட்டவணையை ஒட்டி, கோடா, பட்டையா, நிலப்படமா என்று தேர்ந்தால் படம் ஆயத்தம். அதன் முகவரியை எவர்க்கும் அனுப்பலாம். கைப்பேசியிலேயே அது திறக்கும். வண்ண வண்ணமான வட்டப் படங்களில் நமக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. பட்டைகளின் நீளத்தைக் கண் சரியாக அளக்கிறது, வட்டத் துண்டுகளை அவ்வாறு அளப்பதில்லை.

ஆனால் படம் ஏமாற்றவும் செய்யும். சென்ற வாரம் 11,800, இவ்வாரம் 12,200 என்று இரண்டு பட்டைகளை வரைகிறோம். அடிக்கோடு பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரமாக நிற்கும். அடிக்கோட்டை 11,600-ல் வைத்துவிட்டாலோ, இரண்டாவது பட்டை முதலாவதைப்போல் மூன்று மடங்காகத் தோன்றும்! எண் மாறவில்லை, எண்ணம் மாறிவிட்டது. ஆகவே பட்டைப் படம் கண்டால் முதலில் அடிக்கோட்டைப் பார்க்க வேண்டும். அதேபோல, சந்தை கூடாத நாளின் வெற்றிடத்தைப் பூஜ்யமாக எழுதிவிட்டால் விலை அதலபாதாளத்தில் வீழ்ந்ததாகக் கோடு காட்டும். வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட வேண்டும்.

எல்லை மாறுவது இன்னொரு கண்ணி. 1985-ல் இராமநாதபுரம் ஜில்லா மூன்றாகப் பிரிந்தது. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டமாயிருந்த நமது பகுதி 1997 முதல் சிவகங்கை மாவட்டம் என வழங்குகிறது. இதை அறியாதவர் இராமநாதபுரத்தின் நெற்பரப்பை ஒரே கோடாக வரைந்தால், 1985-ல் பெரும் வறட்சி வந்ததென்றே நினைப்பார்.

நெசவாளர்க்கு இதனினும் முக்கியமானது கைத்தறிக் கணக்கெடுப்பு. 2009-10-ல் எடுத்த மூன்றாவது கணக்கெடுப்பின்படி நாட்டில் கைத்தறிக் குடும்பங்கள் 27.83 லட்சம். 2019-20-ல் எடுத்த நான்காவதன்படி அவை 31.45 லட்சம். இவ்விரண்டை மட்டும் படமாக்கினால், தொழில் வளர்கிறதென்று மகிழ்ந்து மேடையில் பேசலாம். நெசவாளரும் துணைத் தொழிலாளரும் சேர்ந்த தொகையோ 43.31 லட்சத்திலிருந்து 35.22 லட்சமாகக் குறைந்துள்ளது. ஒரே இரண்டு அறிக்கைகளிலிருந்து எதிரெதிரான இரண்டு படங்கள்! மேலும், 43.31 லட்சத்தில் பதினெட்டு வயது நிரம்பாதவரும் அடக்கம். வயது வந்தோர் மட்டும் 38.47 லட்சமே. எனவே வீழ்ச்சி எவ்வளவு என்பது, யாரை எண்ணினார்கள் என்பதைப் பொறுத்தது. கண்டாங்கிச் சேலைக்குப் புவிசார் குறியீடு 2019-ல் கிடைத்ததைக் கொண்டாடினோம். அந்தச் சேலையை நெய்யும் கைகள் கணக்கில் ஏறாவிட்டால் அடையாள அட்டையும் இல்லை, அதைத் தொட்டு வரும் உதவிகளும் இல்லை. கணக்கெடுப்போர் வரும்போது, தறியில் நெய்பவரை மட்டும் சொல்லிவிட்டு, பாவு ஓட்டும், தார் சுற்றும் பெண்களின் பெயரை விட்டுவிடும் வீடுகள் உண்டு. அவர்களும் துணைத் தொழிலாளரே என்பதைச் சங்கச் செயலாளர்கள் வீடுவீடாக எடுத்துச்சொல்ல வேண்டும்.

சங்கங்களும் தம் எண்களைப் பகிரலாம் என்பது எமது அபிப்பிராயம். மாதந்தோறும் வாங்கிய நூல், நெய்த உருப்படி, விற்பனை, தேங்கிய சரக்கு ஆகிய நான்கையும் ஒரு படமாக வரைந்து சங்கச் சுவரில் ஒட்டினாலே, பேரவைக் கூட்டத்தில் எழும் பாதிச் சந்தேகங்கள் எழா. தேக்கம் ஏறுவதை மார்ச்சில் தணிக்கையாளர் சொல்லி அறிவதற்கும் ஆடியில் தாமே கண்டறிவதற்கும் வேற்றுமை உண்டன்றோ? ஆனால் தனி அங்கத்தினரின் பெயர், கடன் பாக்கி, ஆதார் எண், வங்கிக் கணக்கு இவற்றில் எதுவும் படத்திலோ அதன் பின்னுள்ள அட்டவணையிலோ இருத்தலாகாது. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்றே சட்டம் இயற்றப்பட்டுள்ளது. சில கருவிகளின் இலவசக் கணக்கில், படத்தோடு முழு அட்டவணையும் எவர்க்கும் தெரியுமாறு வெளியாகும். விதிகளைப் படித்த பிறகே எண்களை ஏற்ற வேண்டும். மூன்றே பேர் உள்ள தறிக்குழுவின் கூலியைத் தொகுத்துப் போட்டாலும், அவரவர் கூலியை அண்டை வீட்டார் ஊகித்துவிடுவர். அங்கே எண்ணை விட்டுவிடுவதே முறை.

ஆராய்ச்சியாளர் தம் எண்களை ஜெனோடோ போன்ற சேமிப்பகங்களில் வைக்கின்றனர். ஜெனிவாவிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடம் 2013-ல் அதைத் தொடங்கியது. அங்கே வைக்கும் ஒவ்வொரு தொகுப்புக்கும் ஒரு நிரந்தர எண் கிடைக்கும். பதிவு அலுவலகத்தில் பத்திரத்துக்கு இடும் எண்ணைப் போன்றது. படம் வேறிடத்துக்குப் போனாலும் மூலம் எது என்று அந்த எண்ணைக்கொண்டு தேடி எடுக்கலாம். நமது சங்கங்களுக்கு அவ்வளவு வேண்டாம். படத்தின் அடியில் எந்தப் பதிவேட்டின் எண்கள், எந்தத் தேதி வரை, யார் தொகுத்தது என்று மூன்று செய்திகள் போதும்.

கோப்பு தயாரிக்கும் எழுத்தர்களுக்கு ஒரு சொல். ஒரு கட்டத்தில் ஒரே எண் இருக்க வேண்டும். "12 உருப்படி, 3 பழுது" என்று ஒரே கட்டத்தில் எழுதினால் கருவிக்குப் புரியாது. தேதியை ஆண்டு முழுதும் ஒரே முறையில் எழுத வேண்டும். தமிழ்ப் பெயர்களை யூனிகோடு எழுத்திலேயே அடிக்க வேண்டும். தமிழக அரசு 2010-லேயே அதை ஏற்றுக்கொண்டது. பழைய எழுத்துருக்களில் அடித்த ஊர்ப் பெயர்கள் வேறு கணினியில் பொருளற்ற குறிகளாகத் தெரிகின்றன. அவற்றை நிலப்படத்தில் பொருத்த இயலாது. பழைய கோப்புகளை மாற்றும் வேலையை, ஆடித் தள்ளுபடி விற்பனையின் நெரிசல் தொடங்கும் முன்பே முடித்துக்கொள்வது நலம்.