ஐப்பசி, கார்த்திகையில் வீட்டருகே கவனிக்க வேண்டிய பறவைகள்

புரட்டாசி முதலே தமிழகத்தின் தோட்டங்களுக்கும் காலிமனைகளுக்கும் வலசைப் பறவைகள் வரத் தொடங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகைக்குள் பெரும்பாலானவை இடம் பிடித்துக்கொள்ளும். பங்குனி வாக்கில் திரும்பும். காக்கை, மைனா, தவிட்டுக்குருவி, தையல்சிட்டு, செம்பகம் என ஆண்டு முழுதும் இருப்பவற்றின் குரல் முதலில் காதுக்குப் பழக வேண்டும். அது பழகிவிட்டால் வேற்றுக்குரல் தானே தனித்துக் கேட்கும்.

பார்வையிட ஏற்ற நேரம் விடிந்ததிலிருந்து எட்டரை மணிவரை. மழை விட்டு வெயில் எட்டிப்பார்க்கும் அரைமணி நேரம் அதைவிடவும் நல்லது. நனைந்த பறவைகள் கிளை நுனிக்கு வந்து இறகு உலர்த்தும். ஈசல் கிளம்பும் மாலைகளில் கரிச்சானும் தகைவிலானும் ஒரே இடத்தில் சுற்றுவதைக் காணலாம்.

முதலில் தேட வேண்டியது பழுப்புக் கீச்சான். முதுகு பழுப்பு, கண் வழியாகக் கறுப்புப் பட்டை, கொக்கி போன்ற அலகு. வேலியிலோ மின்கம்பியிலோ தனியே அமர்ந்து கரகரவெனக் கத்தும். போன ஆண்டு இருந்த இடத்துக்கே திரும்பி வருவதும் உண்டு. ஆகவே பழைய குறிப்பைப் புரட்டிப் பார்ப்பது பயன் தரும். மொட்டைமாடியிலும் ஓடையோரத்திலும் இறங்கும் சாம்பல் வாலாட்டிக்கு முதுகு சாம்பல் நிறம், வாலடி மஞ்சள். தலை முழுதும் கறுத்து, புருவம் மட்டும் வெளுத்த வாலாட்டி உள்ளூர்ப் பறவை. அதை வலசைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

கரிச்சானில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கம்பியில் அமரும் இரட்டைவால் குருவி பளபளக்கும் கறுப்பு; வாயோரத்தில் பெரும்பாலும் வெள்ளைப்புள்ளி இருக்கும். குளிர்காலத்தில் வரும் சாம்பல் கரிச்சான் மரங்களின் உச்சியை நாடும். நிறம் சற்று மங்கல், கண் சிவப்பு. எதிர்வெயிலில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், அப்போது முடிவுக்கு வராமல் இருப்பதே முறை. புதருக்குள் ‘செக், செக்’ என்று ஒலித்தபடி முகம் காட்டாத கதிர்க்குருவிகளைக் குரலால் அறிவதே எளிது. கைப்பேசிச் செயலி சொல்லும் பெயரைக் கண்ணாலும் உறுதி செய்த பிறகே குறிக்க வேண்டும்.

ஆறுமணிக்குருவி வந்து இறங்கும் காலமும் இதுவே. மத்திய இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் இனப்பெருக்கம் செய்யும் இப்பறவை இரவில் பறந்து வந்து, களைப்பில் வீட்டு முற்றத்தில் விழுந்து கிடப்பதும், ஜன்னல் கண்ணாடியில் மோதுவதும் உண்டு. அப்படிக் கிடைத்தால் காற்றுத்துளை இட்ட அட்டைப்பெட்டியில், இருட்டான அமைதியான இடத்தில் வைக்க வேண்டும். வாயில் தண்ணீரோ சோறோ திணிக்கவே கூடாது. தெளிந்ததும் மரநிழலில் விட்டுவிடலாம். காயம் இருந்தால் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

8x42 பைனாகுலர் போதும். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமல் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைக்க வேண்டும். பறவையை வெளியே வரவழைக்கப் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிடுவது வேண்டாம்; அதன் இரைதேடும் நேரம் வீணாகும். நாள், நேரம், இடம், எண்ணிக்கை, செயல் ஆகியவற்றை அன்றே எழுதிவைக்க வேண்டும். தமிழகத்தில் 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் பங்கேற்க, 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று கண்டவற்றை எண்ணி ஈபேர்டு தளத்தில் பதிந்தால் போதும். அதற்கு வீட்டு மொட்டைமாடியே தகுந்த இடம்.