புனேயில் வீடு வாங்கப் புகுமுன்

நம் சங்கத்து மூத்த நண்பர்கள் சிலர் ஹிஞ்சவடியிலும் கராடியிலும் வேலையில் அமர்ந்து, வாடகை கொடுத்து அலுத்து, இப்போது சொந்த வீட்டுப் பேச்சில் இறங்கியிருக்கிறார்கள். சட்டம் பயிலுகிறவன் என்பதால் காகிதங்களை என்னிடம் காட்டுவதுண்டு. அவற்றைப் புரட்டியதில் நான் கண்டதைத் தோழர்களுக்கும் சொல்லுகிறேன். நாளை நமக்கும் இதே பேச்சு வரத்தான் போகிறது.

ஊரில் வீடு வாங்குவோர் பட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று என்று கேட்டுப் பழகியவர்கள். அடுக்குமாடி வீடென்றால் நிலத்தில் நமக்குரிய பிரிபடாத பங்கையும் பத்திரத்திலேயே எழுதி வாங்குவோம். இங்கே அப்பெயர்களைச் சொன்னால் விற்பவர் விழிப்பார். உடனே நம்மவர், ‘இவ்வூரில் அதெல்லாம் இல்லை போலும்’ என்று கையெழுத்திட்டு விடுகிறார். இல்லாமலில்லை, வேறு பெயரில் இருக்கின்றன.

பட்டாவின் இடத்தில் இங்குள்ளது ‘சாத்பாரா’. கிராமக் கணக்கின் ஏழாம் படிவமும் பன்னிரண்டாம் படிவமும் சேர்ந்தது என்பதால் அப்பெயர். ஏழாவது உரிமையைச் சொல்லும். பன்னிரண்டாவது பயிரைச் சொல்லும். நகர அளவைக்கு உட்பட்ட பகுதியானால் ‘பிராபர்ட்டி கார்டு’ பார்க்க வேண்டும். சாத்பாராவில் உரிமையாளர் பெயரோடு நின்று விடாதீர்கள். ‘இதர உரிமைகள்’ என்ற பகுதியில்தான் கடன், குத்தகை, வழக்கு எல்லாம் பதுங்கியிருக்கும். ‘இரண்டாம் வகுப்பு’ நிலம் என்று கண்டிருந்தால் அரசு அனுமதியின்றிக் கைமாற்ற இயலாது. மராட்டி தெரிந்த நண்பர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு படியுங்கள். தேநீர்ச் செலவோடு முடியும் காரியம். முந்தைய முப்பதாண்டுப் பதிவுகளை வழக்கறிஞரைக் கொண்டு தேடச் செய்வதும் அவசியமே.

இனி, நம்மவர் அறவே கவனியாத விஷயத்துக்கு வருகிறேன். மகாராஷ்டிரத்தில் வீட்டை நமக்கு எழுதிக் கொடுத்த பிறகும் நிலம் பெரும்பாலும் பழைய உடைமையாளர் பெயரிலேயே இருக்கும். குடியிருப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, அச்சங்கத்தின் பெயருக்கு நிலத்தை மாற்றி வாங்க வேண்டும். இதற்குக் ‘கன்வேயன்ஸ்’ என்று பெயர். 1963ஆம் ஆண்டுச் சட்டமே இக்கடமையைக் கட்டியவர்மீது சுமத்தியது. ஆயினும் ஆண்டுக்கணக்கில் இழுத்தடிப்போர் உண்டு. காரணம் எளிது: கட்டடம் பழையதாகி இடித்துக் கட்டும் நாளில், கூடுதலாகக் கட்டும் உரிமை யாருடையது என்ற கேள்வி எழும், நிலம் தம் பெயரில் இருந்தால் பேரம் பேசலாமல்லவா? 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின், கட்டியவர் மறுத்தாலும் கூட்டுறவுத் துறையின் மாவட்டத் துணைப்பதிவாளரிடம் விண்ணப்பித்துச் சங்கம் தானே உரிமை பெறலாம். எனவே பழைய வீடு வாங்குவோர் குளியலறை ஓட்டைப் பார்ப்பதற்கு முன், ‘கன்வேயன்ஸ் ஆயிற்றா?’ என்று சங்கச் செயலாளரைக் கேளுங்கள்.

புதிய வீட்டுக்கு 2016ஆம் ஆண்டின் ரேரா சட்டம் துணை நிற்கிறது. ஒப்பந்தம் பதிவாகுமுன் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. ‘இன்றே கட்டினால் தள்ளுபடி’ என்பாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், குரல் மாறும். விலையைக் கார்ப்பெட் பரப்புக்கே கணக்கிடுங்கள். வெளிச்சுவரும் பால்கனியும் அதில் சேரா.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. 2017இல் 11 கிராமங்களும் 2021இல் 23 கிராமங்களும் மாநகராட்சியில் சேர்க்கப்பட்டன. எல்லை விரிந்த வேகத்தில் குழாய் விரியவில்லை. இருபத்துநான்கு மணி நேரமும் தண்ணீர் என்றால், குழாயிலா டாங்கரிலா என்று கேட்க வேண்டும். டாங்கர் செலவு மாதப் பராமரிப்பில் வந்து விழும்.

மறுபுறம், தண்ணீர் மிகுவதும் உண்டு. 1961 ஜூலை 12இல் பான்ஷேத் அணை உடைந்து ஆற்றோரப் பேட்டைகள் அழிந்த கதையை இவ்வூர் முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். அணை உடையாமலே, 2024 ஜூலையில் கடக்வாஸ்லாவிலிருந்து திறந்த நீர் சிங்ககட் சாலையின் ஏக்தா நகரி வீடுகளில் புகுந்தது. நீர்ப்பாசனத் துறை இரண்டு கோடுகள் வகுத்திருக்கிறது: நீலக்கோடு இருபத்தைந்தாண்டுக்கு ஒருமுறை வரத்தக்க வெள்ளத்தின் எல்லை; சிவப்புக்கோடு நூறாண்டு வெள்ளத்தின் எல்லை. ‘ஆறு தெரியும் வீடு’ என்று விளம்பரம் செய்தால், அவ்வீடு எந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.