ஆயுத பூஜைக்கு இன்ஜின் கழுவப்போகிறவர்களுக்கு

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் எங்கள் குடியிருப்பில் யாராவது ஒருவர் என் கதவைத் தட்டுவார். "சார், வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது." நான் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "நேத்து பானெட்டைத் திறந்து தண்ணி அடிச்சீங்களா?" முகத்தைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும். வருஷம் முழுக்க வெளியே மட்டும் துடைத்தவருக்கு, சந்தனம் குங்குமம் வைக்கப்போகிற அன்று உள்ளேயும் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. தோன்றட்டும், தப்பில்லை. அந்த நேரத்தில் கையில் ஹோஸ் பைப் இருப்பதுதான் வம்பு.

நானும் அந்த வம்பில் விழுந்து எழுந்தவன். என் பழைய பெட்ரோல் வண்டியை ஒருமுறை ஆசை தீரக் கழுவிவிட்டு, மேலாகத் துடைத்துவிட்டு ஓட்டினேன். தெருமுனை தாண்டுவதற்குள் வண்டி குலுங்க ஆரம்பித்தது. மிஸ்ஸிங். மெக்கானிக் வந்து காயிலைக் கழற்றிக் காட்டினார். ஸ்பார்க் பிளக் உட்கார்ந்திருக்கும் குழியில் தண்ணீர் கிணறு போல நின்றது. "அம்பாசடர் கழுவுற மாதிரி கழுவிட்டீங்களா சார்?" என்றார். அதில் நியாயம் இருந்தது. கார்புரேட்டர் காலத்து வண்டியில் நனைந்தால் கெடக்கூடியது டிஸ்ட்ரிபியூட்டர் போல ஒன்றிரண்டுதான். துடைத்துக் காயவைத்தால் கிளம்பிவிடும். இப்போது எங்கு தொட்டாலும் சென்சார். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு இன்னும் கூடிவிட்டது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹைபிரிட் வண்டியோ மின்சார வண்டியோ வைத்திருப்பவர்கள், பானெட்டுக்குள் ஆரஞ்சு நிறத்தில் தடித்த கேபிள் தெரிந்தால், ஈரத்துணியால் மூடிகளின் மேல்தூசியைத் துடைத்ததோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அது ஆளைக் கொல்லும் அளவு மின்னழுத்தம். இந்தக் கட்டுரை சாதாரண பெட்ரோல், டீசல் வண்டிக்காரர்களுக்கு மட்டும்.

வேலையைக் காலையில், நிழலில் தொடங்குங்கள். பூஜைக்கு முந்தின நாள் மாலை வேண்டாம். காய்வதற்கு வெயில் வேண்டும். வண்டியை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். கையை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சூட்டில் கிரீஸ் இளகும். ஊருக்குப் போய் வந்த சூட்டோடு செய்தால் போடுகிற கிளீனர் அங்கேயே காய்ந்து திட்டுத் திட்டாகப் படியும். கொதிக்கிற சைலன்சர் குழாயில் குளிர்ந்த தண்ணீர் பட்டு விரிசல் விடவும் கூடும்.

அடுத்தது பேட்டரி. பெரும்பாலான வண்டிகளுக்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும். முதலில் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். வண்டியின் உடம்பு முழுக்க மைனஸோடு சேர்ந்திருப்பதால், ப்ளஸை முதலில் திருகும்போது ஸ்பேனரின் மறுமுனை எங்கே பட்டாலும் பொறி பறக்கும். கழற்றிய வயரை ஒரு துணியில் சுற்றித் தள்ளி வையுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் திடீரென்று சுற்றும் வண்டிகள் இருக்கின்றன, விரல் பத்திரம். கார் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வண்டிக்குள் வைத்து, திரும்ப பேட்டரி கொடுத்ததும் கதவு தானாகப் பூட்டிக்கொண்டு நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது தண்ணீர் இல்லாத வேலை. வைப்பருக்குக் கீழே உள்ள தட்டில் வேப்பிலையும் பூவும் மட்கிக் கிடக்கும். அதைக் கையால் அள்ளுங்கள். அங்கிருந்து தண்ணீர் இறங்கும் ஓட்டை அடைத்துக்கொண்டால் மழைக்காலத்தில் காலடி மேட் ஏன் நனைகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். எலிக்கூடு, புழுக்கை கண்ணில் பட்டால் கையுறையும் முகக்கவசமும் போடாமல் தொடாதீர்கள். எலிக்காய்ச்சல் அதன் சிறுநீரில்தான் வருகிறது. காய்ந்ததைத் துடைப்பத்தால் பெருக்காமல், கொஞ்சம் கிருமிநாசினி தெளித்து நனைத்து, பேப்பரால் அள்ளுங்கள். பிறகு ஒரு இரண்டங்குல பெயிண்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டி எடுங்கள். பிரஷ்ஷின் தகரப் பட்டையை இன்சுலேஷன் டேப்பால் சுற்றிவிடுங்கள். பேட்டரி பக்கத்தில் அது தேவைப்படும்.

இந்த இடத்தில் நின்று ஒருமுறை பாருங்கள். வீட்டுக்கும் ஆபீசுக்கும் மட்டும் ஓடுகிற வண்டியாக இருந்தால் பாதி அழுக்கு இப்போதே போயிருக்கும். ஈரத்துணியால் ஒரு துடை துடைத்து, பானெட்டைச் சாத்திவிட்டு காபி குடிக்கப் போகலாம். நான் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் இதற்கு மேல் போகிறேன்.

போகத்தான் வேண்டும் என்றால், இனி வருவதுதான் உண்மையான வேலை: மூடுவது. அரை மணி நேரம் ஆகும். எங்கள் குடியிருப்பில் தவறு செய்தவர்கள் எல்லாரும் இந்த அரை மணி நேரத்தை மிச்சம் பிடித்தவர்கள்தான்.

முதலில் செல்போனில் நாலு கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு காற்று உள்ளே போகும் வாயைத் தேடுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து முன்பக்க கிரில்லை நோக்கி ஒரு பிளாஸ்டிக் குழாய் நீளும். அதன் நுனிதான் வாய். அங்கே துணியைத் திணிக்காதீர்கள், மறந்துவிடுவீர்கள். வெளியே தெரிகிற மாதிரி கவர் போட்டு ரப்பர் பேண்ட் மாட்டுங்கள். அடுத்து ஆல்டர்னேட்டர், நம் ஊரில் டைனமோ என்பார்கள். பெல்ட் ஓடுகிற பக்கத்தில் தாழ்வாக ஒளிந்திருக்கும். உடம்பெல்லாம் ஜன்னல், உள்ளே செம்புச் சுருள் தெரியும். எல்லாரும் விட்டுவிடுவது இதைத்தான். பிறகு ஃபியூஸ் பாக்ஸ். மூடி இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், அது தூசிக்கான மூடி. பல வண்டிகளில் இ.சி.எம். என்கிற கம்ப்யூட்டர் பெட்டியும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கும். அதில் வயர்கள் வந்து செருகும் பெரிய கப்ளரையும் சேர்த்து மூட வேண்டும். இன்ஜின் தலையில் வரிசையாக இருக்கும் காயில்கள், டிப்ஸ்டிக், ஆயில் மூடி, பிரேக் ஆயில் டப்பாவின் மூடி, ஹார்ன். பேட்டரியின் இரண்டு முனைகளும்தான்.

எதைக்கொண்டு மூடுவது? 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் தடை வந்த பிறகு கடையில் கேரி பேக் கிடைப்பதில்லை என்று ஒருவர் என்னிடம் குறைப்பட்டார். பால் பாக்கெட் இருக்கிறதே! அரை லிட்டர் கவரின் ஒரு பக்கத்தை மட்டும் வெட்டிக் கழுவிக் காயவைத்தால் காயில் தலைக்கும் கப்ளருக்கும் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். பெரியவற்றுக்குப் புதுச் சட்டை வருகிற கவர். அலுமினிய ஃபாயிலை மட்டும் இந்தப் பக்கம் கொண்டுவராதீர்கள். சுற்றுவதற்கு வசதி என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். அது மின்சாரம் கடத்தும். வயரைக் கழற்றினாலும் பேட்டரிக்குள் மின்சாரம் அப்படியேதான் இருக்கிறது.

கவரின் வாய் எப்போதும் கீழ்நோக்கி இருக்க வேண்டும். மேல்நோக்கிப் போட்டால் அதுவே தண்ணீர்த் தொட்டி. கழற்றுகிறபோது அத்தனையும் சரியான இடத்தில் கவிழும். ஒவ்வொரு கவரிலும் மார்க்கரால் நம்பர் எழுதுங்கள். என் வண்டிக்குப் பதினொன்று. கடைசியில் கையில் பதினொன்று வந்தால்தான் சாவியைத் தொடுவேன். காற்று வாயில் ஒரு கவரை விட்டுவிட்டு ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் அதை உறிஞ்சப் பார்க்கும்.

மண்ணெண்ணெய், டீசல், பெட்ரோல் மூன்றும் வேண்டாம். "எங்கப்பா காலத்துல மண்ணெண்ணெய்தான் சார்" என்பார்கள். அப்பா காலத்தில் வேறு கிடைக்கவில்லை. கூலன்ட் ஹோஸ் ரப்பரை எண்ணெய் ஊறவைத்து உப்பச் செய்யும், படிந்த பிசுக்கில் இரட்டிப்பாகத் தூசி ஒட்டும், எல்லாவற்றுக்கும் மேல் சூடான இடத்தில் எரிகிற பொருளைத் தெளிக்கிறீர்கள். தண்ணீரில் கரைகிற டிகிரீசர் வாங்கி, பாட்டிலில் சொன்ன அளவுக்குக் கலக்குங்கள். காஸ்டிக் கலந்த அடுப்பு கிளீனர் அலுமினியத்தைக் கறுக்கடிக்கும். இன்ஜினில் பாதி அலுமினியம்தான்.

டிகிரீசரை நேராக இன்ஜின் மீது பீய்ச்சாமல் பிரஷ்ஷில் தெளித்து, பிரஷ்ஷால் தேயுங்கள். கீழிருந்து மேலாகப் போங்கள், கோடு விழாது. சந்துகளுக்குப் பழைய பல் பிரஷ். ஒரு பகுதி, மூன்று நான்கு நிமிடம், காய்வதற்குள் அலசல், பிறகு அடுத்த பகுதி. பேட்டரி முனையில் வெள்ளையாகவோ நீலப் பச்சையாகவோ பூத்திருந்தால், அந்தக் கவரை மட்டும் எடுத்துவிட்டு, சமையல் சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துத் தடவி, நுரை அடங்கியதும் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். அது அமிலம், கையுறை அவசியம்.

அலசுவதற்குச் செடிக்கு மருந்தடிக்கும் இரண்டு லிட்டர் பம்ப் ஸ்ப்ரேயர் போதும். ஒன்றரை நிரப்பு, அதாவது மூன்று லிட்டர். பிரஷர் வாஷர் ஏன் கூடாது என்று வருஷா வருஷம் வாதாடுகிறேன். பத்து மீட்டர் உயர மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரின் அழுத்தம் ஒரு பார். வீட்டு பிரஷர் வாஷரின் பெட்டியிலோ நூறு பாருக்கு மேல் அச்சிட்டிருக்கும். "கப்ளர் எல்லாம் வாட்டர் புரூஃப் சார், ஐ.பி.67" என்று ஒரு இளைஞர் மடக்கினார். ஐ.பி.67 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாக்குப்பிடிக்கும் என்று பொருள். அங்கே இருக்கும் அழுத்தம் 0.1 பார். கப்ளருக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் வளையம் மழைச் சாரலுக்குச் செய்தது, பீச்சாங்குழலுக்கு அல்ல. தவிர, தண்ணீர் உள்ளே போவதைவிட வெளியே வருவதுதான் கஷ்டம். இன்று ஓடும் வண்டி, பின்னுக்குப் பச்சை பிடித்து மூன்று மாதம் கழித்து நடுரோட்டில் நிற்கும். அப்போது இந்தக் கழுவல் யாருக்கும் ஞாபகம் வராது.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்குக் குடிதண்ணீர் ஊற்றுங்கள்; இல்லாவிட்டால் கறுப்பு பிளாஸ்டிக்கில் வெள்ளைத் திட்டு விழும். ஆர்.ஓ. மெஷின் வெளியேற்றும் தண்ணீரைச் சிக்கனம் என்று இதற்குப் பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க: அது வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்த தண்ணீர்.

கவர்களைக் கழற்றும் முன்பு சுற்றியுள்ள ஈரத்தைப் பனியன் துணியால் ஒற்றி எடுங்கள். காயில்களைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் மினுங்கினால் காயிலைப் பிடுங்காதீர்கள். முதலில் ஏர் பம்பாலோ ப்ளோயராலோ ஊதி வெளியேற்றுங்கள். ஹேர் டிரையர் இருந்தால் குளிர்ந்த காற்றில் வையுங்கள். பிறகு கவர்களை எண்ணி எடுத்து, பானெட்டைத் திறந்தபடி ஒரு மணி நேரம் வெயிலில் விடுங்கள். பேட்டரிக்கு இப்போது முதலில் ப்ளஸ்ஸைச் சரிபார்த்து, கடைசியாக மைனஸ்.

ஸ்டார்ட் செய்து பத்துப் பதினைந்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிடுங்கள். கடிகாரமும் பவர் விண்டோவின் தானியங்கி வசதியும் மறந்துபோயிருக்கும், மாற்றி வைத்துக்கொள்ளலாம். பெல்ட் கொஞ்ச நேரம் கிறீச்சிடும், காய்ந்ததும் அடங்கும். வண்டி குலுங்கினால் உடனே அணையுங்கள். ஓட்டினால் சரியாகிவிடும் என்பது பழைய வண்டியின் வைத்தியம். செக் இன்ஜின் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்போது ஓட்டினால் எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைக் கருக்கிவிடும். அதன் விலையைக் கேட்டால் நீங்கள் குலுங்குவீர்கள். காயில்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்துக் காயவைத்து மாட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பளபளப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவதை விட்டுவிடுங்கள். தண்ணீரில் கரைந்த பிளாஸ்டிக் டிரெஸ்ஸிங் கொஞ்சம் துணியில் எடுத்துத் தடவலாம், பெல்ட்டில் படாமல். நான் அதுவும் போடுவதில்லை. சந்தனத்தை பானெட்டின் உள்பக்கத் தகரத்தில் வையுங்கள். பேட்டரி முனைக்குக் குங்குமம் வேண்டாம்.

இரண்டு நாள் ஓட்டிய பிறகு டார்ச்சோடு மறுபடி பாருங்கள். சுத்தமான இன்ஜினில் புதிதாக எங்காவது எண்ணெய் கசிந்திருந்தால் இப்போது துல்லியமாகத் தெரியும். துடைக்காமல் படம் எடுத்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.