விதை நன்றாக இருந்தும் முளைக்கவில்லையே, ஏன்?

"கரு நல்லாத்தான் உருவாகுது டாக்டர், ஆனா தங்க மாட்டேங்குது" என்று வருந்தும் தம்பதிகள் பலர். கரு சரியாக உருவான பிறகும் அது ஏன் தங்காமல் போகிறது? சுண்டெலிகளிடம் நடந்த ஓர் ஆராய்ச்சி இதற்கு ஒரு பதில் சொல்கிறது.

ஜீனை முடக்குவது என்றால்?

வீட்டில் எந்த ஃபியூஸ் எந்த அறைக்கு என்று தெரியாவிட்டால் என்ன செய்வோம்? ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்போம். எங்கே விளக்கு அணைகிறதோ, அந்த அறைக்கான ஃபியூஸ் அது. அதே மாதிரி, ஒரு ஜீனை மட்டும் செயலிழக்கச் செய்து சுண்டெலியைப் பிறக்க வைத்தால், அந்த ஜீனின் வேலை என்ன என்று புரிந்துவிடும். இந்த வழியைக் கண்டறிந்த கேப்பெச்சி, எவன்ஸ், ஸ்மித்திஸ் மூவருக்கும் 2007-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

தவித்து நின்ற கரு

கருப்பையில் 'லிஃப்' என்ற புரதம் சுரக்கிறது. 1992-ல் காலின் ஸ்டூவர்ட் குழுவினர் இதற்கான ஜீன் முடக்கப்பட்ட சுண்டெலிகளை ஆராய்ந்தார்கள். பெண் எலிகள் ஆரோக்கியமாகத்தான் இருந்தன. முட்டை வந்தது, கருவும் உருவானது. ஆனால் அந்தக் கரு கருப்பைச் சுவரில் ஒட்டவே இல்லை. ஒட்ட இடமில்லாமல் உள்ளேயே மிதந்தது.

குறை விதையிலா, நிலத்திலா? அந்தக் கருக்களை எடுத்துச் சாதாரண எலிகளின் கருப்பையில் வைத்தார்கள். அவை ஒட்டி வளர்ந்து, குட்டிகளாகப் பிறந்தன! ஜீன் முடக்கப்பட்ட எலிகளுக்கே லிஃப் புரதத்தைச் செலுத்தியபோது, அவற்றின் கருப்பையிலும் கரு ஒட்டியது. ஆக, விதையில் பழுதில்லை.

எலியின் கர்ப்பகாலம் சுமார் 20 நாள். அதில் 4-ம் நாள் ஈஸ்ட்ரோஜன் சற்றே உயரும். உடனே கருப்பைச் சுரப்பிகள் லிஃப்பைச் சுரக்கும். அந்தச் சிறிய நேரத்தில்தான் கருப்பை கருவை ஏற்கும்.

"அப்படின்னா அந்த ஊசியே போட்டுக்கலாமே?"

போட்டுப் பார்த்தாயிற்று. சோதனைக்குழாய் முறையில் பலமுறை கரு தங்காத பெண்களுக்கு லிஃப் ஊசி போட்டுச் சோதித்தார்கள். பலன் இல்லை என்று 2009-ல் முடிவு வெளியானது. எலி வேறு, மனுஷி வேறு. நமக்குக் கரு தங்காததற்குக் கருவின் குரோமோசோம் கோளாறு, கருப்பைக் கட்டி, தைராய்டு என்று பல காரணங்கள் இருக்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது

"பாத்தீங்களா, நிலத்துலதானே குறை!" என்று மருமகளைக் கைகாட்டிவிடாதீர்கள். இது ஒரே ஒரு ஜீனின் கதை. குழந்தையின்மையில் ஆணின் பங்கும் கணிசமானது. அந்த எலியைப் பார்த்து யாராவது குறை சொல்லியிருக்க முடியுமா? நன்றாகத் தின்றது, ஓடியது. அதன் நடத்தையிலோ சாப்பாட்டிலோ தவறே இல்லை.

ஓராண்டு முயன்றும் குழந்தை இல்லையா? மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதம் போதும். இருவரும் சேர்ந்தே பரிசோதனைக்குப் போங்கள். காரணம் தெரியும் முன் 'கரு தங்கும் மருந்து' என்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். எங்கள் சித்த மருந்தாக இருந்தாலும் சரி!