செருப்பைப் பாரும், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

சிலாபத்தில் இயன்மருத்துவராக வேலை கிடைத்ததாக எழுதியிருந்தீர். சந்தோசம். ஆவணியில் முன்னேஸ்வரத்தில் திருவிழா தொடங்கியதும் ஒரு பின்னேரம் போய்க் கோயில் வாசலில் சும்மா இரும். சனத்தின் நடையைப் பாரும். கழற்றிப் போட்டிருக்கிற செருப்புகளையும் பாரும்.

நாரி நோ என்று வருகிறவர்கள் எம்.ஆர்.ஐ. படத்தைத்தான் முதலில் நீட்டுவார்கள். வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "கொஞ்சம் நடந்து காட்டுங்கோ" என்று கேளும். நாரி நோவே இல்லாத 98 பேரைப் படமெடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வொன்று 1994இல் வந்தது. அவர்களில் 52 வீதமானோருக்கு ஒரு டிஸ்க்காவது பிதுங்கியிருந்தது! நடையும் சேர்ந்து சாட்சி சொன்னால்தான் படத்தை நம்பலாம்.

நாலாவது நாரி நரம்பு நெரிபட்டால் படியிறங்கும்போது முழங்கால் மடியப் பார்க்கும். ஐந்தாவது என்றால் முன்பாதம் எழும்பாது. குதிக்காலில் நடக்கச் சொன்னால் பிடிபட்டுவிடும். அதற்குக் கீழுள்ளது என்றால் நுனிக்காலில் ஏற முடியாது. சிலர் ஒரு பக்கம் சரிந்தே வருவார்கள். நிமிர்த்திவிடக் கை பரபரக்கும், பொறும். நோவிலிருந்து தப்ப உடம்பு தானாகப் பிடித்த சாய்வு அது.

என் பிழையொன்றையும் சொல்கிறேன். உடப்பிலிருந்து ஒருவர் வந்தார், கரைவலை இழுக்கிறவர். "கால் உளைவு விட்டுட்டுது சேர், செருப்புத்தான் அடிக்கடி கழண்டு போகுது" என்றார். உளைவு விட்டதே என்று நானும் மகிழ்ந்து அனுப்பிவிட்டேன். வலது செருப்பின் முன்நுனி தாள்போலத் தேய்ந்திருந்ததை அப்போதே குனிந்து பார்த்திருக்கவேண்டும். அடுத்த மாதம் அவர் வந்தபோது சீமெந்துத் தரையில் பாதம் 'டப் டப்' என்று விழுந்தது. நோக் குறையக் குறையப் பலமும் குறைந்தால், அது சுகமில்லை தம்பி, நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது. மூத்திரம் அடைத்தாலோ, இருக்கும்போது நிலத்தில் படும் இடம் விறைத்தாலோ, அன்றைக்கே சத்திரசிகிச்சை வைத்தியரிடம் அனுப்பும்.

மற்றவர்களைப் படுக்கையில் போடாதேயும். அங்கப்பிரதட்சணம் செய்யலாமா என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். இந்த வருசம் உருள வேண்டாம், வீதியை நடந்தே சுற்றுங்கோ என்று சொல்லும். எத்தனையாவது சுற்றில் கால் கனக்கத் தொடங்கியது என்று கேட்டுத் துண்டில் எழுதி வையும். அடுத்த கிழமை திரும்பவும் கேளும்.

அன்புடன்,
உம்முடைய பழைய சேர்