எலியின் மூளையும் சின்னக்கானல் யானையும்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் ஏலத் தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் சூழ அமைந்தது சின்னக்கானல். இங்குப் பழங்குடியினரும் உழவரும் தோட்டத் தொழிலாளரும் யானைகளின் நடமாட்டத்துக்கு இடையே வாழ்கின்றனர். அரிசி தேடிக் கடைகளை உடைத்துவந்த 'அரிக்கொம்பன்' என்னும் ஆண் யானை, 2023 ஏப்ரல் 29 அன்று மயக்க ஊசி செலுத்திப் பிடிக்கப்பட்டு, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்டது. மே மாத இறுதியில் அது தமிழ்நாட்டின் கம்பம் நகருக்குள் புகுந்தது. ஜூன் 5 அன்று மீண்டும் பிடிக்கப்பட்டுக் களக்காடு-முண்டந்துறைக்குக் கொண்டு செல்லப்பட்டது.

இத்தகைய நெருக்கடிகளில் விலங்கின் உடலில் நிகழ்வது என்ன? இதற்கான விடையின் பெரும்பகுதியை அறிவியலார் எலிகளிடமிருந்தே அறிந்தனர்.

மூளையின் அடிப்பகுதியில் உள்ளது ஹைபோதலாமஸ். அதன் கீழே பிட்யூட்டரி சுரப்பி தொங்குகிறது. எலிகளில் இச்சுரப்பியை வேறிடத்துக்கு மாற்றினால் அதன் பணி குன்றுவதையும், ஹைபோதலாமஸின் கீழ்ப் பொருத்தி இரத்தக் குழாய்கள் இணைந்ததும் அப்பணி மீள்வதையும் ஜெஃப்ரி ஹாரிஸும் அவருடைய உடனாய்வாளரும் 1952-இல் காட்டினர். ஆணை நரம்பு வழியாக அன்றி, இரத்தத்தில் கலந்த வேதிப்பொருள் வழியாகச் செல்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று. அத்தகைய வேதிப்பொருள்களைப் பிரித்தறிந்த கில்லெமின், ஷாலி ஆகியோர் 1977-இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றனர்.

ஆபத்தை உணர்ந்ததும் ஹைபோதலாமஸின் குறிப்பிட்ட நரம்புச் செல்கள் ஒரு தூண்டு ஹார்மோனை வெளியிடுகின்றன. அது பிட்யூட்டரியைத் தூண்ட, பிட்யூட்டரியின் ஹார்மோன் அட்ரினல் சுரப்பியை இயக்குகிறது. எலியில் கார்ட்டிகோஸ்டிரோனும் மனிதரில் கார்ட்டிசாலும் மிகுதியாகச் சுரக்கின்றன. தசைகளுக்கு ஆற்றல் கிடைக்கிறது. பின்னர் அதே ஹார்மோன் மூளையை அடைந்து, சுரப்பைத் தணிக்கிறது. நெருக்கடி நீடித்தால் இக்கட்டுப்பாடு தளர்ந்து, இனப்பெருக்கமும் நோய் எதிர்ப்பாற்றலும் குன்றக்கூடும்.

காட்டு யானையிடம் அடிக்கடி இரத்தம் எடுத்தல் இயலாது. எனினும் இந்த ஹார்மோன்களின் சிதைபொருள்கள் சாணத்தில் வெளிப்படுகின்றன. பெங்களூர் இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் இம்முறையைக் கையாண்டு, உடல் மெலிந்த யானைகளில் இவ்வளவு மிகுந்திருப்பதைக் கண்டனர். மற்றோர் ஆய்வில், பயிர் மேயும் யானைகளில் இவ்வளவு காப்பகங்களில் வாழும் யானைகளைவிடக் குறைந்தே இருந்தது. சத்து மிகுந்த தீனி இதற்குக் காரணமாகலாம் என்பது அவர்கள் கருத்து.

இம்முடிவு சின்னக்கானலுக்கு அப்படியே பொருந்தும் எனக் கொள்ளலாகாது. ஆயினும் ஊருக்குள் வரும் யானை அனைத்தும் வெறி கொண்டவை அல்ல என்பதை இது உணர்த்துகிறது. நல்ல தீனி இழுக்கும் இடத்தில் யானையை மட்டும் இடம் மாற்றுவது தீர்வாகாது. அரிசியும் பயிரும் எளிதில் எட்டாதபடி காக்கப்படுதல் வேண்டும். காட்டுத் தீனியும் வழித்தடமும் பேணப்படுதல் வேண்டும். இடம் மாற்றுவது தவிர்க்க இயலாதெனில், அதற்கு முன்னும் பின்னும் சாணத்தைச் சோதித்தல் பயன் தரும். மக்களின் உயிரும் யானையின் நலனும் ஒருங்கே காக்கப்படுவதற்கு இவ்வறிவு துணை செய்யும்.